நான் போனால் மட்டும் ஓடிய நெட்வொர்க்

1. பேஜர்

இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அது திடீரென்று அதிர்ந்தால் சோற்றில் வைத்த கையைக் கழுவிக்கொண்டு ஓடியதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். தி.நகரில் ஒரு சின்ன நெட்வொர்க்கிங் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். புரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, பாண்டி பஜார் நெரிசலில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டிருந்தபோது பேஜர் துடித்தது. ‘அர்ஜன்ட். மயிலாப்பூர் பத்மா. நெட் டவுன்.’

எங்கள் ஆபீசில் ஒரு விதி உண்டு. கஸ்டமர் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போகக் கூடாது. கிளம்பும்போது போன் செய்து, இத்தனை நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். மரியாதைக்காக வைத்த விதி. நானும் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு பி.சி.ஓ. பூத்திலிருந்து சொன்னேன். “மாமி, இருபது நிமிஷத்துல அங்க இருப்பேன். எதையும் தொடாதீங்க.”

அந்த இருபது நிமிடத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு வெள்ளிக்கிழமைவரை ஆனது.

2. மாடியில் ஆறு கம்ப்யூட்டர்

பத்மா மாமி ஒரு ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த சொந்த வீட்டின் மாடியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் தொடங்கியிருந்தார். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததெல்லாம் காலையில் குரல் ஃபைல்களாக வந்து இறங்கும். காதில் ஹெட்போன், குரலை நிறுத்தி ஓடவிடக் காலடியில் பெடல் வைத்துக்கொண்டு ஆறு பெண்கள் அவற்றைக் கேட்டு டைப் அடிப்பார்கள். மாலை ஆறரைக்குள் எல்லாம் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அங்கே ஆஸ்பத்திரி திறக்கும்போது தயாராக இருக்கும்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியான மெர்சிக்கு, எல்லோரும் அடித்ததைச் சரிபார்த்து அனுப்பும் வேலையும் இருந்தது. ராயப்பேட்டைப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். அனுப்புகிற சாஃப்ட்வேரும் அதன் பாஸ்வேர்டும் அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன.

வேலை நிரந்தரமானதும் இல்லை. அமெரிக்க ஏஜென்ட் இரண்டு வாரம் டிரையல் கொடுத்திருந்தான். மூன்று நாள் தாமதமானால் ஒப்பந்தம் கிடையாது. முதல் வாரம் ஒரு குறையும் இல்லாமல் போனது. இரண்டாவது வாரத்தின் முதல் நாள்தான் இந்தத் திங்கட்கிழமை.

மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “காலம்பறலேர்ந்தே ஒண்ணு ரெண்டு கம்ப்யூட்டர்ல வரல சுமதி. சாயங்காலம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். மொத்தமாப் படுத்துண்டுடுத்து.”

மேலே ஓடினேன். இன்டர்நெட்டுக்கென்று வாங்கிய ஐ.எஸ்.டி.என். டெலிபோன் லைன், நாங்கள் மாட்டிய ரூட்டர், அதிலிருந்து இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் ஹப், ஹப்பிலிருந்து ஆறு கேபிள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஆறிலும் நெட் வந்தது. அதற்கு மேல் நான் ஒன்றுமே செய்யவில்லை. மெர்சி அனுப்ப ஆரம்பித்தாள். கடைசி ஃபைல் போனபோது ஆறு ஐம்பது. தாமதம், ஒன்று.

“யாராவது எதையாவது தொட்டீங்களா?” என்று கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதைப் போலத்தான் கேட்டிருப்பேன். அப்போது என் வாய் அப்படி.

“நாங்க என்னத்தைத் தொடப்போறோம்!” என்றார் மாமி. மெர்சி மாமியைப் பார்த்தாள், பிறகு கீபோர்டைப் பார்த்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் என்ன பயன்?

3. நான் எழுதிய ஒரு வரி

செவ்வாய்க்கிழமை நன்றாக ஓடியது. நானே இரண்டு தடவை போன் செய்து விசாரித்தேன். புதன்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு மறுபடி பேஜர்.

மறுபடி போன் செய்துவிட்டுப் போனேன். மறுபடி நான் போய் நின்றதும் எல்லாம் ஓடியது. வாத்தியார் வந்ததும் ஒழுங்காக உட்காரும் வகுப்பைப் போல ஆறு கம்ப்யூட்டரும் பதவிசாக இருந்தன. கேபிளை மாற்றினேன். ஹப்பைத் தட்டிப் பார்த்தேன். லைனைச் சோதித்தேன், பழுதில்லை. ஃபைல்கள் போய்ச் சேர ஆறு நாற்பத்தொன்று ஆகிவிட்டது. தாமதம், இரண்டு.

பழுது இருந்தால் கண்டுபிடிக்கலாம். இல்லாத பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தேன். வெள்ளை ஆபீசுக்கு, மஞ்சள் கஸ்டமருக்கு, நடுவில் கார்பன். ‘பழுதின் காரணம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் மேனேஜர் குமரவேல் சார் விடமாட்டார்.

“கடைசியா எல்லாத்தையும் ஆஃப் பண்ணினது யாரு?” என்று கேட்டேன்.

“நான்தான்,” என்றாள் மெர்சி. “ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொன்னாங்க, பண்ணேன்.”

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. யூசர் எர்ரர் என்று எழுதினேன். முறையாக ஷட் டவுன் செய்யாமல் அணைத்ததால் கோளாறு, ஆபரேட்டர் மெர்சி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நாள் முழுக்க ஆங்கிலத்தைப் படித்துத் திருத்துகிறவள் அவள். தலைகீழாக இருந்தும் படித்துவிட்டாள். முகம் இறுகிப்போனது.

வழியனுப்ப வந்த மாமி, படியில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நல்ல பொண்ணுதான். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா இத்தனை பேர் பொழைப்பும் போயிடும். அதுக்கப்புறம் அவளை வெச்சுக்க முடியாது சுமதி. நாளைக்கே சொல்லிடலாம்னு பார்த்தேன், வெள்ளிக்கிழமைவரை பார்க்கறேன்.”

நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பழி என் தலையிலிருந்து இறங்கி வேறொருத்தி தலையில் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த நிம்மதி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் கை ஓடவில்லை.

4. குமரவேல் சாரின் கணக்கு

வியாழக்கிழமை காலை குமரவேல் சார் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். சைதாப்பேட்டைக்காரர். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், சிரிப்பார். அதற்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

“இன்னாம்மா சுமதி, ஒரே வூட்டுக்கு ஒரே வாரத்துல ரெண்டு தபா போய்க்கினு கீறே? இன்னா, அங்க காபி நல்லா கீதா?”

“சார், யூசர் எர்ரர்…”

“எழுதிக்கீறே, பாத்தேன். ரெண்டு தபாவும் அதே யூசரு அதே எர்ரரா? சரி. மூணாவது தபா போச்சுன்னா நானே வரேன். வந்துட்டு அப்பால உன் கன்ஃபர்மேஷன் லெட்டரப் பத்தி பேசலாம், இன்னா?”

அன்று முழுக்க பேஜர் மயிலாப்பூரிலிருந்து வாய் திறக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மாலை பெட்ரோல் பங்க் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். திங்கள் போச்சு. செவ்வாய் ஓடியது. புதன் போச்சு. வியாழன் ஓடியது. பழுதான மெஷின் கிழமை பார்க்குமா? மனுஷர்கள்தான் கிழமை பார்ப்பார்கள். அந்த வீட்டில் திங்களும் புதனும் யாரோ எதையோ செய்கிறார்கள். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அதை நிறுத்துகிறார்கள்.

அப்படியென்றால் அடுத்தது வெள்ளி.

5. சொல்லாமல் போனது

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அடையாறில் ஒரு வேலையைப் பாதியில் முடித்துவிட்டுக் கிளம்பினேன். பேஜர் வரவில்லை, நான் போன் செய்யவும் இல்லை. ஆபீஸ் விதியை மீறுகிறேன் என்பது தெரியும். ஒன்றும் இல்லாமல் போய் நின்று, மாமி ஆபீசுக்குப் புகார் செய்தால் என் கதை அன்றோடு முடிந்தது. மந்தைவெளி சிக்னலில் நிற்கும்போது திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடும்போது பேஜர் துடித்தது. மணி ஐந்து நாற்பது.

கீழே ஹாலில் மாமி எனக்கு முதுகைக் காட்டியபடி இன்னும் போனை வைக்காமல், செய்தி வாங்கி அனுப்பும் பேஜர் கம்பெனிக்காரியிடம் அவசரம் அவசரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாடிக்கு ஏறினேன்.

மற்ற ஐந்து பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெர்சி எழுந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா? எழுதிக்கோ, இன்னைக்கும் நான்தான் ஆஃப் பண்ணேன்,” என்றாள்.

நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து வின்ஐபிசிஎஃப்ஜி திறந்தேன். கம்ப்யூட்டருக்கு என்ன நம்பர் கிடைத்திருக்கிறது, யார் கொடுத்தது என்று காட்டும் சின்ன ஜன்னல் அது. எங்கள் ரூட்டர் கொடுப்பது பத்தில் தொடங்கும் நம்பர். அங்கே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று இருந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

இந்த அறையில் இன்னொருவன் நம்பர் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது நெட்வொர்க்கைப் பார்த்து, எனக்கு ஒரு நம்பர் கொடுங்கள், வெளியே போகும் வழி எது என்று சொல்லுங்கள் என்று கேட்கும். ரூட்டர் பதில் சொல்லும். ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர் இருந்தால் இரண்டும் பதில் சொல்லும். எது முந்துகிறதோ அதன் பேச்சைத்தான் கம்ப்யூட்டர் கேட்கும். முந்தினவனுக்கு வெளியே போக லைனே இல்லையென்றால், அவன் காட்டும் வழியில் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மெர்சியின் பக்கம் திரும்பினேன். அந்த வாரத்தில் முதல்முறையாக அவளிடம் சண்டைக்கு நிற்காமல் ஒரு கேள்வி கேட்டேன். “மெர்சி, இந்த ரூம்ல புதுசா ஏதாவது பொட்டி வந்துச்சா?”

அவள் பீரோவின் மேலே கையை நீட்டினாள். நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் பீரோவின் பின்பக்கமாக இறங்கி ஹப்புக்குப் போனது.

“இத்தயா கேக்குற? ஞாயித்துக்கிழமையே வந்துச்சு. நீ எங்க பாத்துக்கினே? நீ வர்றேன்னு போன் பண்ணதும் மேடம் அத்தக் கழட்டி, உள்ள ரூம்ல கொலு பொம்மப் பொட்டில வெச்சு மூடிடறாங்க. நீ போற வரைக்கும் அது பொம்மைங்களோட தூங்கினு கீது.”

மணி ஐந்து நாற்பத்தெட்டு. நான் ஸ்டூலில் ஏறிக் கேபிளைப் பிடுங்கினேன்.

“எல்லாரும் ரீஸ்டார்ட் பண்ணுங்க.”

“நான் பண்ணட்டுமா, இல்ல அதுவும் யூசர் எர்ரரா?” என்றாள் மெர்சி.

“பண்ணும்மா, ப்ளீஸ்.”

6. ஆறு மணி போன்

பத்தில் தொடங்கும் நம்பர் வந்தது. ஐ.எஸ்.டி.என். டயல் ஆனது. இருபத்திரண்டு ஃபைல்கள். மெர்சி அனுப்பத் தொடங்கினாள். மாமி மூச்சிரைக்க மேலே வந்து, என்னையும் என் கையிலிருந்த நீலப் பெட்டியையும் பார்த்து, அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாமி, இது என்ன?”

“மாப்பிள்ளை நியூஜெர்சிலேர்ந்து கொண்டுவந்தது,” என்றார். “ஞாயித்துக்கிழமை அவரே மாட்டிக் குடுத்துட்டு ராத்திரி ஃப்ளைட் ஏறினார். நன்னாத்தான் ஓடித்து. இது ஸ்பீடைக் கூட்டும், வைரஸ் வராதுன்னார். எப்ப மாட்டினாலும் எல்லாத்தையும் ஒரு தரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்னும் சொன்னார்.”

ஞாயிற்றுக்கிழமை ஓடியதற்குக் காரணம் இருந்தது. கம்ப்யூட்டர்கள் முன்பே சரியான நம்பரை வாங்கி வைத்திருந்தன. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் எங்கள் ரூட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிடம் எடுக்கும். இந்தக் குட்டிப் பெட்டி பத்து நொடியில் விழித்துக்கொண்டு எல்லோருக்கும் நம்பரை வாரி வழங்கிவிடும். மாப்பிள்ளை சாஃப்ட்வேர் எழுதுகிறவர், நெட்வொர்க் அவர் வேலை இல்லை. அது மாமிக்குத் தெரிய நியாயமில்லை.

“சரி, திங்கட்கிழமை கழட்டி வெச்சீங்க. மறுபடி ஏன் மாட்டினீங்க?”

“புதனும் வெள்ளியும் ஆறு மணிக்கு அவர் ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணுவார். பெட்டில பச்சை லைட் எரியறதான்னு கேப்பார். அதனாலதான் அஞ்சு மணிக்கு எடுத்து மாட்டறது. புதன்கிழமை நீ வரேன்னதும் கழட்டிட்டு, இத்தனை நேரம் எரிஞ்சிண்டுதான் இருந்ததுன்னேன். அவர்கிட்ட பொய் சொல்ல முடியுமோ?”

“என்கிட்ட மட்டும் சொல்லலாமா மாமி?”

மாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது. “நீதானேம்மா முதல் நாளே மிரட்டினே! வெளிச் சாமான் எதையாவது சொருகினா ஏ.எம்.சி. கேன்சல், அப்பறம் கூப்பிட்டாலும் வரமாட்டோம்னு. நீ வராம போயிட்டா நான் யார்கிட்ட போவேன்? அதான் நீ வரச்சே எல்லாம் ஒளிச்சு வெச்சேன். அதுலதான் கோளாறுன்னு எனக்குத் தோணவே இல்ல. நீயே எழுதிட்டியே, இவதான் காரணம்னு.”

சொல்லியிருந்தேன்தான். ரூட்டர் மாட்டிய அன்று, வருடாந்திரப் பராமரிப்புக்குக் கையெழுத்து வாங்கும்போது, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எனக்கு முன்னால் இருந்த ஆண்கள் அப்படிச் சொல்வதைப் பார்த்து, அப்படிச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்று நம்பியிருந்தேன். அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

கீழே போன் அடித்தது. ஆறு மணி. மாமி அசையவே இல்லை. பெட்டி என் கையில் இருந்தது, விளக்கு அணைந்திருந்தது.

மெர்சி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “மேடம், போய் எரியுதுன்னு சொல்லுங்க. அவரு இன்னா ஓடிவந்தா பாக்கப்போறாரு?”

மாமி போய்ச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு. பதினைந்து. பதினாறாவது ஃபைல் நடுவில் நின்றது. மெர்சி மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு அதுவாகவே நகர்ந்தது. இருபத்திரண்டும் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபத்தாறு.

அடுத்த அரைமணி நேரத்தில் நீலப் பெட்டியின் நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்தி, அதன் முகவரியை மாற்றி, வெறும் ஹப்பைப் போல இருக்கும்படி செய்து பீரோ மேலேயே திரும்ப வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. இனி மாமி யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம்.

7. கட்டத்தில் இருந்த பெயர்

பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மாமி மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசுல வெச்சுக்காதேடி,” என்றார். மெர்சி கையை விலக்கிக்கொள்ளவில்லை. அவர் விட்டதும் நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, புதங்கிழம ஒரு பேப்பர் எழுதினியே, அதுல என் பேரு கீதுல்ல?”

“வேற ரிப்போர்ட் எழுதறேன் மெர்சி. அது சரியாயிடும்.”

“வேற எழுதினா அது இல்லன்னு ஆயிடுமா? ரெண்டு பேரும் படிச்சவங்க. ஒருத்தங்க பொட்டிய ஒளிக்கிறாங்க, ஒருத்தங்க கண்டுபுடிக்கிறாங்க. நடுவுல என்னிய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா? ஆஃப் பண்ணச் சொன்னது யாருன்னு கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். வேலய வுட்டுத் தூக்கப்போறாங்கன்னு ரெண்டு ராத்திரியா எனுக்குத் தூக்கம் இல்ல. அத்த அடி. அடிச்சிட்டு உன் பேர எழுது.”

ரிப்போர்ட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது ஆபீசில் இன்னொரு விதி. மாமி புதன்கிழமையின் மஞ்சள் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆபரேட்டர் மெர்சி என்ற இடத்தை அடித்தேன். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், இடத்தில் இருந்தவர்களை விசாரிக்கவில்லை என்று எழுதினேன். மெர்சி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். நாலாக மடித்துத் தன் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். மாமி அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளைக் காப்பியிலும் அதேபோல் அடித்து எழுதி குமரவேல் சார் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். “இத்த மாதிரி நாலு பேரு எழுதினா கம்பெனிய இழுத்து மூடிட வேண்டியதுதான்.” என் புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார். மாமிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. மெர்சி இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு, தி.நகரில் வேறொரு யூனிட்டில் சேர்ந்துவிட்டாள். அவள் போனதற்கு நான் காரணமா என்று மாமியிடம் கேட்டேன். “நான்தான்,” என்றார் மாமி.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு, எத்தனையோ ஆபீஸ். ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர் இருந்தால் எதை நிறுத்தி எதை வைப்பது என்பதை அரைமணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அந்த இரண்டாவது பெட்டியைப் பயமில்லாமல் நம் எதிரில் கொண்டுவந்து வைக்கும்படி பேசக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. இப்போதும் போனதும் ரூட்டரைத் திறப்பதில்லை. அந்த மெஷினில் தினமும் உட்காருகிறவரின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நீங்க சொல்லுங்க,” என்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவின் மூடியைக் கழற்றுவதில்லை.